கணக்குப்பிள்ளை மேசையும் காயாத தேக்கும்

பழைய காலத்து மரச்சாமான் ஒன்றை மெஷின் இல்லாமல், கைக்கருவிகளை மட்டும் வைத்து அதே முறையில் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம் வைத்தது. செலவைச் சொல்லவில்லை, வாங்கி, பயன்படாமல் மூலையில் போட்ட பொருள்களின் விலையை மட்டும் சொல்கிறேன். இந்த வேலையில் இறங்க நினைக்கிறவர்கள் எல்லோருக்கும் பயம் இணைப்புகளைப் பற்றித்தான். மூலையில் இரண்டு பலகைகள் விரல் கோத்ததுபோல நிற்கும் அந்தப் புறாவால் இணைப்பு நமக்கு வருமா என்று தயங்குகிறார்கள். அது வரும். என் பணம் அங்கே போகவில்லை. முதல் இணைப்புக்குக் கோடு கிழிப்பதற்கு முன்பே மரத்திலும் இரும்பிலும் பெஞ்சிலும் போய்விட்டது. நான் பார்த்துக் கற்ற வெளிநாட்டு வீடியோக்கள் எதுவும் இதைப்பற்றி எச்சரிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களுடைய மரம் வேறு, வானிலை வேறு, வேலை செய்யும்போது உடம்பு நிற்கும் விதமே வேறு.

நான் செய்ய நினைத்தது கணக்குப்பிள்ளை மேசை. பெயர்தான் மேசை, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவதற்கான சாய்வுப் பெட்டி அது. செட்டிநாட்டு வீடுகளிலும் பழைய மண்டிகளிலும் கணக்கெழுதுகிறவர் முன்னால் இருக்கும். மூடி முன்பக்கமாகச் சரிந்திருக்கும். பின்னால் மைக்கூடு வைக்க ஒடுக்கமான தட்டைப் பலகை. மூடியைத் தூக்கினால் பேரேடு வைக்கும் குழியும் ஓரத்தில் சின்ன இழுப்பறைகளும் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு கடைக்காரரின் அனுமதியோடு ஒன்றை அளவெடுத்தேன். அகலம் 20 அங்குலம், ஆழம் 15, பின்பக்க உயரம் 10, முன்பக்கம் 6. நீங்கள் அளவெடுக்கப் போனால் டேப்போடு ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேல் பக்கத்தில் புதுப் பாலிஷ் எதையும் மறைக்கும். அடிப்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை. இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையில் விரல்களைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். கை இழைப்புளி (மரத்தைச் சீவி மட்டமாக்கும் கருவி) ஓடிய பலகையில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். மெஷின் இழைத்ததில் ஒரே இடைவெளியில் நெருக்கமான அலைகள் இருக்கும். ரம்பத் தடம் வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம் என்று பொருள். ஆனால் வட்ட ரம்பம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆலைகளில் வந்துவிட்டது. அதை மட்டும் வைத்துப் பழையதா புதியதா என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த மேசையின் மூடி ஒரே பலகை. 14 அங்குல அகலம், ஒட்டே இல்லை. அதைப் பார்த்த மயக்கத்தில் அப்படி ஒரு பலகையைத் தேடி மதுரையில் நான் ஏறி இறங்காத மரக்கடை கிடையாது. கிடைக்காததற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1852ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபிறகு, ஐராவதி டெல்டாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுக்க, செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் அங்கே போனார்கள். அந்தத் தொடர்பில்தான் பர்மா தேக்கு செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூணாகவும் கதவாகவும் வந்து சேர்ந்தது. காட்டில் தானாக வளர்ந்து முற்றிய மரம் அது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முறிந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் தோட்டத்தில் வளர்த்து இளவயதில் வெட்டிய மரம். அகலம் குறைவு, ஓரத்தில் வெள்ளை அதிகம். ஒற்றைப் பலகையைத் தேடி அலையாதீர்கள். இரண்டு மூன்று பலகைகளை ஒட்டிச் செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. வெள்ளைப் பகுதியைச் சேர்க்காமல், நடுவில் முற்றிய வைரப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். கரையான் முதலில் போவது வெள்ளைக்குத்தான்.

கடைசியில் ஒரு கடையில் மரம் வாங்கினேன். கன அடி 4,200 ரூபாய் என்று இரண்டு கன அடி. இந்த மேசைக்கு உண்மையில் ஒன்றேகால் கன அடி போதும், சேதாரத்தையும் சேர்த்து. ஐப்பசி மழை நேரம். "நன்றாகக் காய்ந்த சரக்கு, ஷெட்டுக்குள் பல மாதமாகக் கிடக்கிறது" என்றார் கடைக்காரர். பலகையின் முகம் காய்ந்துதான் இருந்தது. மேலே எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பும் இருந்தது. தொட்டுப் பார்த்து மரத்தின் ஈரத்தைச் சொல்லவே முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போது தெரியும். மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து பெட்டியைச் செய்து முடித்தேன். பங்குனி வெயில் தொடங்கியதும் ஒரு நாள் மத்தியானம் அறைக்குள் பட்டாசு வெடித்ததுபோல் சத்தம். மூடியின் நடுவில் முக்கால் அடி நீளத்துக்கு வெடிப்பு. கோபம் வரவில்லை, சாப்பிடத்தான் முடியவில்லை.

ஏன் வெடித்தது என்பதைக் கணக்காகச் சொல்கிறேன். மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கில்தான் சுருங்கும். தேக்கு மற்ற மரங்களைவிட எவ்வளவோ தேவலை. இருந்தாலும் பச்சையிலிருந்து முழுவதும் காய்கிறவரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் நூற்றுக்கு ஐந்து, ஐந்தரை பங்கு சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்கான திசையில் அதில் பாதிதான். ஈரம் 25 சதவீதம் இருக்கும்போது செய்த 12 அங்குல மூடி, கோடையில் 10 சதவீதத்துக்கு வரும்போது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் குறுக வேண்டும். அடியில் குறுக்காக இரண்டு சட்டம் வைத்துத் திருகாணிகளை இறுக்கியிருந்ததால் மூடிக்குக் குறுகப் போக்கிடம் இல்லை. கிழித்துக்கொண்டது. காரைக்குடி மேசையை மறுபடி போய்ப் பார்த்தேன். அதன் மூடிக்கு அடியிலும் சட்டம் உண்டு. ஆனால் திருகாணித் துளைகள் வட்டமாக இல்லை. பலகையின் அகலவாட்டில் நீண்டு, நெல் வடிவில் இருந்தன. அந்தத் துளைக்குள் திருகாணி நகர, பலகை வருஷா வருஷம் விரிந்தும் சுருங்கியும் நூறு கோடையைத் தாண்டியிருக்கிறது. முதல் தடவை நான் நீளம் அகலம் எல்லாம் அளந்தேன். துளையின் வடிவத்தைப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மரம் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை நம்பாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது, கருவிகூட வேண்டாம். பலகையின் நுனியில் அல்ல, நுனியிலிருந்து ஓர் அடியாவது உள்ளே தள்ளி, குறுக்காக ஒரு துண்டு அறுத்துத் தரச் சொல்லுங்கள். நுனி எப்போதும் முதலில் காய்ந்து பொய் சொல்லும். வீட்டில் சமையல் தராசில் அந்தத் துண்டை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஓவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை குறைவது நிற்கிறவரை காயவிடுங்கள். 100 கிராம் துண்டு 80 கிராமுக்கு வந்தால், போன 20ஐக் காய்ந்த எடையான 80ஆல் வகுக்க வேண்டும். ஈரம் 25 சதவீதம். நம் ஊரில் 10 முதல் 12 வரை இருந்தால் தைரியமாக வாங்கலாம். கடற்கரை ஊர்களில் இன்னும் ஒன்றிரண்டு கூடினாலும் பரவாயில்லை. ஊசி குத்தி அளக்கும் ஈரமானிகள் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அதையும் புதிதாக அறுத்த முகத்தில்தான் குத்த வேண்டும். துண்டு அறுத்துத் தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். இரண்டாவது தடவை நான் புது மரத்தின் பக்கமே போகவில்லை. இடித்த வீட்டு மரம் விற்கிற இடத்தில் பழைய கதவு நிலையை வாங்கி அறுத்துக்கொண்டேன். அறுக்கக் கொடுக்கும் முன் ஒரு காந்தத்தை எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். தலை முறிந்து உள்ளேயே துருப்பிடித்துக் கிடக்கும் ஆணி ஒன்று போதும், இழைப்புளிக் கத்தியில் பல் விழுந்துவிடும்.

இரும்பின் கதை இன்னும் மோசம். ஆறு உளிகள் அடங்கிய செட்டும் ஒரு இரும்பு இழைப்புளியும் வாங்கினேன், பதினோராயிரம் ரூபாய். இழைப்புளியின் அடித்தட்டில் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் ஒளி வடிந்தது. அடித்தட்டு குழிந்திருந்தால் பலகை எப்படி நேராகும்? கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாள் ஒட்டி நாள் கணக்கில் தேய்த்து ஒருவழியாகச் சமப்படுத்தினேன். உளிகளுக்கு மீட்சியே இல்லை. தேக்கின் வெட்டுமுகத்தில் (நாருக்குக் குறுக்காக அறுத்த முனையில்) உளியை வைத்து, மரச்சுத்தியான கொட்டாப்புளியால் சில அடிகள் அடித்து, உளியின் நுனியைப் பாருங்கள். நுனி மடங்கியிருந்தால் இரும்பு மெது, சில்லு உதிர்ந்திருந்தால் கடினம் அதிகம். என் உளிகள் எல்லாம் மடங்கின. செட்டாக வாங்குவதே வேண்டாத வேலை. கால் அங்குலம், அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று மூன்று உளிகளைத் தனித்தனியாக, பழைய இரும்புக் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கினால் இந்த மேசையை முழுவதும் முடிக்கலாம். நான் இப்போது வைத்திருப்பவை அப்படி வாங்கியவைதான். மூன்றும் சேர்த்து அந்த செட்டின் ஒற்றை உளி விலைகூட இல்லை. ரம்பம் வாங்கும்போது பல் நுனிகள் கருநீலமாக இருந்தால் அவை சூடேற்றிக் கடினமாக்கியவை. அரம் பிடிக்காது, மழுங்கினால் தூக்கி எறிய வேண்டியதுதான். அரம் போட்டுக் கூராக்கக்கூடிய ரம்பத்தை வாங்குங்கள்.

கூர் விஷயத்தில் என் புத்தியைத் திறந்தவர் வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட ஓர் ஆசாரியார். இப்போது எல்லாம் பிளைவுட், எல்லாம் மெஷின். அவரைக் கூப்பிட ஆளில்லை. என் இழைப்புளி மரத்தைப் பிய்க்கிறது என்று சொன்னதும், பலகையைப் பார்க்கவே இல்லை. "கத்தியைக் கழற்றிக் கொடுங்கள் தம்பி" என்றார். வாங்கியவர் சரிவான பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இங்கே மேடு இருக்கிறது. இந்தப் பக்கம் தட்டையாகாமல் அந்தப் பக்கம் எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது" என்று சொல்லி, கல்லில் பின்பக்கத்தைப் படுக்கவைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நுனியை ஒட்டி அரை அங்குலத்துக்கு முகம் பார்க்கிற பளபளப்பு வருகிறவரை விடவில்லை. அதற்குப் பிறகுதான் சரிவைத் தீட்டினார். சரிவு 25 டிகிரி, நுனியில் மட்டும் ஒரு மயிரிழை கூடுதலாக 30. தீட்டிக்கொண்டே பின்பக்கத்தில் கட்டைவிரலை நுனியை நோக்கித் தள்ளிப் பார்ப்பார். ஒரு பிசிறு விரலில் தட்டும். அது ஒரு முனை முதல் மறுமுனை வரை விடாமல் தட்டினால்தான் கூர் நுனிவரை போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் வழுக்கினால் அந்த இடத்தில் இன்னும் மழுக்கம் இருக்கிறது. பிறகு பிசிறைத் தோல்வாரில் இழுத்து எடுத்துவிட்டார். பைன் மரத் துண்டின் வெட்டுமுகத்தில் கத்தியைத் தள்ளியபோது நார் நசுங்காமல் மெழுகுபோல் சீவிக்கொண்டு வந்தது. இந்தச் சோதனைக்குத் தேக்கை எடுக்காதீர்கள்; அது கெட்டி மரம், மழுங்கிய உளியையும் பொறுத்துக்கொள்ளும். மெதுவான மரம்தான் மழுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வீடியோக்களில் ஒரு தடவை தீட்டிவிட்டு நெடுநேரம் வேலை செய்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் கூர் நிற்கவில்லை என்று மனம் நொந்திருந்தேன். காரணம் என் கை அல்ல. தேக்குக்குள் மணல்தூள் போன்ற சிலிக்கா இருக்கிறது. ஓக், வால்நட் மரங்களில் அந்தத் தொல்லை இல்லை. தேக்கில் வேலை செய்கிறவர்கள் தீட்டும் கல்லைக் கைக்கெட்டிய தூரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் கொடுக்கும். உப்புத்தாள் போடும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஆசாரியாரை வேலை செய்யச் சொல்லாமல், ஒரு நாள் கூலி கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். தீட்டுவது, நார் ஓடும் வாட்டம் பார்த்து இழைப்பது, இரண்டே பாடங்கள். அந்தக் கூலியைப்போல் பயன்பட்ட செலவு இந்தக் கணக்கில் வேறில்லை. உங்கள் ஊரிலும் வேலையில்லாமல் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கருவி வாங்கும் முன்பே அவரைத் தேடிப் போங்கள்.

பெஞ்சுக்கு வருகிறேன். நின்றுகொண்டு வேலை செய்யும் வெளிநாட்டுப் பாணிப் பெஞ்சை ஒருவரிடம் சொல்லிச் செய்யவைத்தேன், பதின்மூவாயிரம். இழைப்புளியைத் தள்ளினால் பெஞ்சும் சேர்ந்து போகும். அப்படிப்பட்ட பெஞ்சு லேசாக இருந்தால் போதாது, நகராமல் நிற்க அதைப்போல் பல மடங்கு எடை வேண்டும். மாடி வீட்டில் அதை ஏற்றவும் முடியாது. நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, பாதத்தாலும் குதிகாலாலும் மரத்தைப் பிடித்து வேலை செய்தவர்கள். நாற்காலியிலேயே வளர்ந்த என் முட்டிக்கு அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கனமான ஒரு பழைய உத்திரக் கட்டையைப் போட்டு, முனையில் தடுப்புக்கட்டை ஒன்றை ஆணியடித்தேன். பலகையைத் தடுப்பில் முட்டவைத்து, அதன் மேலேயே குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து இழைத்தால் உடம்பின் எடையே பிடிமானம். கட்டைக்கு ஆன செலவு அறுநூறு ரூபாய்.

இவ்வளவுக்கும் பிறகு இணைப்பு வந்தபோது அது ஒரு வாரக் கடைசியில் முடிந்த வேலை. சொல்ல அதிகம் இல்லை. கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். உளியின் நுனி அந்தக் கீறலில் தானே போய் உட்காரும். ரம்பம் கோட்டின் மேல் அல்ல, வெட்டி எறியப்போகும் கழிவுப் பக்கத்தில் ஓட வேண்டும். புறாவாலின் சாய்வு கெட்டி மரத்துக்கு எட்டுக்கு ஒன்று. கழிவைப் பாதி இந்தப் பக்கத்திலிருந்தும் பாதி அந்தப் பக்கத்திலிருந்தும் வெட்டி எடுங்கள். ஒரே பக்கமாகப் போனால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். நான்கு பக்கப் பலகைகளிலும் ரேகை கிடைவாட்டில் ஓட வேண்டும். அப்போதுதான் பெட்டி முழுவதும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கும்.

ஒட்டுவதற்குப் பழைய முறைப்படி வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சினேன். இரவு ஊறவைத்து, சுடுதண்ணீருக்குள் பாத்திரம் வைத்து, நேரடித் தீ படாமல் 60 டிகிரி அளவில் உருக்க வேண்டும். கொதித்துவிட்டால் பலம் போய்விடும். வாடையைப் பற்றி வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்நாட்டுப் புத்தகங்கள், தடவிய ஒரு நிமிடத்துக்குள் அது இறுகிவிடும் என்று பயமுறுத்தும். மதுரை வெயிலில் அது சாவகாசமாகத்தான் இறுகுகிறது, அவசரமே இல்லை. தேக்கின் எண்ணெய்தான் இடைஞ்சல். இழைத்த புதுமுகத்தில் அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். நாள் கடந்தால் ஒரு தடவை சீவிவிட்டு ஒட்டுங்கள். அரக்குப் பாலிஷை மழை நாளில் தொடாதீர்கள். காற்றின் ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும்.

கடைசியாகக் கீல். பித்தளைக் கீலுக்குப் பித்தளைத் திருகாணிதான் அழகு, ஆனால் தேக்கில் அதை நேராகத் திருகினால் தலை முறிந்து, தண்டு உள்ளே நின்றுவிடும். முறிந்ததை வெளியே எடுக்கிற பாடு சொல்லி முடியாது. முதலில் சரியான அளவில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை உள்ளே ஏற்றி வெளியே எடுத்துவிடுங்கள், வழி வெட்டிக்கொள்ளும். பிறகு பித்தளைத் திருகாணியை மெழுகுவர்த்தியில் தேய்த்துக் கையால் திருகினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். தலையில் நட்சத்திர வெட்டு உள்ளவை பழைய மேசையில் கண்ணை உறுத்தும். ஒற்றைக்கோடு உள்ளவைதான் வேண்டும். புது ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் இல்லை என்பார்கள். பூட்டு, தாழ்ப்பாள் விற்கிற பழைய கடைகளில் அடித்தட்டு டப்பாக்களைக் கிண்டச் சொல்லுங்கள், கிடைக்கும். தேவைக்கு மேல் நான்கைந்து கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.